வண்டியின் வலது பக்கம்

டெமிங், நியூ மெக்சிகோ
அக்டோபர் 9, 2008

அண்ணி,

எனக்கு எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க. பதினோரு தடவ போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. அதான் லெட்டர்.

அக்டோபர் வந்துடுச்சு. பிக்கப் வண்டிக்கு அடியில துருப்பிடிக்காம இருக்க யாராவது எண்ணெய் அடிச்சாங்களா? இன்னும் மூணு நாலு வாரத்துல பனி விழும், அத உருக்க ரோட்டுல உப்பு கொட்ட ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்கு முன்னாடி அடிச்சாகணும். உப்பு ஏறினப்புறம் அடிச்சா உப்ப உள்ள வெச்சு மூடின மாதிரி ஆயிடும். தொண்ணூத்தி மூணு மாடல் வண்டி. பதினஞ்சு குளிர்காலம் பார்த்தாச்சு. நம்ம ஊர்ல தினம் ஓடற வண்டியில அதுக்கு மூத்தது எதுவும் இல்ல.

யாரும் அடிக்கலன்னா எழுதுங்க, எப்படின்னு சொல்றேன். அடியில படுத்துப் பார்க்கும்போது வலது பக்கத்த மொதல்ல பாருங்க.

நார்மன்


வெஸ்ட் கார்லன், வெர்மான்ட்
அக்டோபர் 19, 2008

நார்மன்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லூசியன் பெயர் எங்காவது இருக்கும் என்று தேடினேன். இல்லை. உன் அண்ணன் இறந்து ஒன்பது வாரம் ஆகிறது. அடக்கத்துக்கு நீ வரவில்லை. ஒரு வரி எழுதவில்லை. இப்போது வண்டி நலமா என்று கேட்டு எழுதுகிறாய்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும். பல் வைத்தியர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னத்தை விரலால் தொட்டுப் பார்ப்போமே, அப்படி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். அவருடைய கோட்டு, காபிக் கோப்பை, மருந்துச் சீட்டு. எதுவும் தெரியவில்லை. பள்ளிக்குப் போகிறேன், வேதியியல் நடத்துகிறேன், திரும்பி வருகிறேன். போக முப்பத்தொரு மைல், வர முப்பத்தொரு மைல்.

அந்த அறுபத்திரண்டு மைலும் அவருடைய வண்டியில்தான். என் சிறிய கார் ஜூலையில் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாட்களில் அதைக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை. பிக்கப்பின் இருக்கை இன்னும் அவர் கால் நீளத்துக்குத்தான் இருக்கிறது. அதை நகர்த்தாமல் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து ஓட்டுகிறேன். இங்கிருந்து பள்ளிக்கு பஸ் கிடையாது என்பது உனக்குத் தெரியும். இந்த வண்டி நின்றால் நான் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான். இப்போதைக்கு நான் பயப்படுகிற ஒரே விஷயம் அது. பயம் என்று ஒன்று மிச்சம் இருப்பதே ஆச்சரியமாக இருக்கிறது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை உன் அண்ணன் கொட்டகைக்குள் போவார். சாயங்காலம் எண்ணெய் நாற்றத்தோடு வருவார். பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. எப்படி என்று எழுது.

கோரின்


டெமிங்
அக்டோபர் 27, 2008

அண்ணி,

லூ பேர எழுதப் பார்த்தேன். கை ஓடல. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மொதல்ல அடிப்பக்கத்தக் கழுவி ரெண்டு நாள் காய விடுங்க. கொட்டகையில மரம் அறுக்கற மிஷினுக்கு ஊத்தற எண்ணெய் கேன் இருக்கும். கையில பட்டா பிசுபிசுன்னு ஒட்டும், சீக்கிரம் வழியாது, அதான் நமக்கு வேணும். கேனோட வெந்நீர்ல வெச்சா இளகும். செடிக்கு மருந்து அடிக்கற பம்ப், சிவப்பு மூடி போட்டது, அதுல ஊத்தி அடிங்க. வண்டியத் தாங்கற இரும்புச் சட்டம், அதான் சேஸ், அது முழுக்க, அதுல இருக்கற ஓட்டைக்குள்ளயும் குழாய விட்டு அடிக்கணும். துரு எப்பவும் உள்ளேர்ந்துதான் வரும். பிரேக் தட்டுலயும் புகைக் குழாய்லயும் படக்கூடாது. கதவுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அடைச்சிருந்தா குச்சியால குத்தி விடுங்க. உள்ள போன தண்ணி வெளிய வரணும்.

முடிச்சதும் ஏரி பக்கம் இருக்கற மண் ரோட்டுல பத்து மைல் ஓட்டுங்க. புழுதி எண்ணெயில ஒட்டிக்கிட்டு தோல் மாதிரி ஆயிடும். "மீன மாவுல பொரட்டற மாதிரிடா"ம்பான் லூ.

கடையில கறுப்பா ரப்பர் பூச்சு ஒண்ணு விப்பாங்க. பாக்க பளபளன்னு புதுசு மாதிரி இருக்கும். அத மட்டும் பூசிடாதீங்க. மேல மூடிக்கிட்டு உள்ள தின்னும்.

நார்மன்


வெஸ்ட் கார்லன்
நவம்பர் 9, 2008

நார்மன்,

செய்தேன். நேற்று ஒரு பகல் முழுவதும் ஆனது.

வண்டியைத் தூக்கி நிறுத்தும் சாய்வுப் பலகைகளை நம் மெக்கானிக் ரோலி கொண்டுவந்து கொடுத்தான். நான் அடியில் ஊர்ந்து போனதும் குனிந்து பார்த்தான்.

"டீச்சர், எலிப்பொறியில மாட்டின எலி மாதிரியே இருக்கீங்க. வெளிய வருவீங்களா, இல்ல சாப்பாட்ட அங்கயே தள்ளிவிடச் சொல்லட்டுமா எங்க வீட்டு டோரீன்கிட்ட?"

"நீ போ ரோலி. வெளிச்சத்த மறைக்கிற."

"இத நான் பத்து நிமிஷத்துல பண்ணிடுவேன்."

"தெரியும். அதான் போகச் சொல்றேன்."

போய்விட்டான். நான் இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நீ வலது பக்கம் என்று எழுதியிருந்ததால்தான், உன் பேச்சைக் கேட்கக்கூடாது என்று. சேஸ் மேல் விரல் கனத்துக்குக் கறுப்பாகப் படிந்திருந்தது, பல வருட எண்ணெயும் புழுதியும். நகத்தால் சுரண்டினேன். அடியில் சாம்பல் நிற இரும்பு, நேற்று பட்டறையிலிருந்து வந்தது போல. தொட்டால் வழுக்கியது. கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தேன்.

பிறகு வலது பக்கம் நகர்ந்தேன். அங்கே எண்ணெயே இல்லை. பழைய படிவம் காய்ந்து தோலுரிந்து, அதற்குக் கீழே பழுப்பு. விரலை வைத்ததும் இலை இலையாக உதிர்ந்து முகத்தில் விழுந்தது. ஒன்று கண்ணில் போய்விட்டது. வண்டியின் நடுவில் யாரோ கோடு கிழித்தது போல இருக்கிறது, நார்மன். அதே வண்டி, அதே சாலை, அதே உப்பு. ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் மண்.

வலது பக்கத்துக்கும் நானே அடித்தேன். மண் சாலையில் ஓட்டினேன். ஆனால் உனக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. மொதல்ல அதைப் பாருங்கள் என்று எழுதினாயே. எப்படித் தெரியும்?

கோரின்


டெமிங்
நவம்பர் 22, 2008

அண்ணி,

சொல்றேன்.

அந்த வண்டிய நானும் லூவும் சேந்துதான் வாங்கினோம். மொத வருஷம் எண்ணெய் அடிக்கும்போது, அவன் இடது பக்கம் படுத்தான், நான் வலது பக்கம். அடுத்த வருஷமும் அப்படியே. "உன் பக்கம் மூஞ்சி கழுவாத கொழந்த மாதிரி இருக்கு"ம்பான். "உன் பக்கத்துல எண்ணெய விட உன் எச்சிதான்டா அதிகம், வாய மூடிட்டு அடி"ம்பேன். அவன் பக்கத்த நான் தொடமாட்டேன், என் பக்கத்த அவன் தொடமாட்டான். பன்னெண்டு வருஷம்.

அப்புறம் அந்தக் காலை. நீங்க எல்லாரும் நான் குடிச்சிருந்தேன்னு நெனச்சீங்க. குடிக்கல அண்ணி. நான் ஓட்டின ஊர் உப்பு லாரிய ஊர்க் கொட்டகைலேர்ந்து எடுக்கறதுக்கு முன்னாடி ஹீட்டர போட்டுட்டு அஞ்சு நிமிஷம் கண்ண மூடினேன். ஒன்றரை மணி நேரம் தூங்கிட்டேன். சாமியார் மேட்டுல உப்பு விழல. ரோலி பொண்டாட்டி டோரீன் கார் சறுக்கி கல்சுவத்துல போய் அடிச்சுது. இடுப்பு போச்சு. நான் உப்பு போட்டேன், மழை கழுவிடுச்சுன்னு பொய் சொன்னேன். மார்ச் மாச ஊர்க்கூட்டத்துல எல்லார் முன்னாடியும் லூ எழுந்து நின்னான். "என் தம்பி அன்னிக்கு லாரிய எடுக்கவே இல்ல. கொட்டகை வாசல்ல பனி கலையாம இருந்தத நானே பார்த்தேன்"னான்.

அவன் சொன்னது நெசம். அதான் தாங்கல. எங்கயும் எதுவும் துருப்பிடிக்காத ஊரா பார்த்துக் கிளம்பி வந்துட்டேன்.

அந்த அக்டோபர்ல ஒரு கார்டு வந்துச்சு. ஒரே வரி. "உன் பக்கம் அப்படியே இருக்கு. லூ." அடுத்த அக்டோபரும். அதுக்கு அடுத்ததும். மூணு கார்டு. நான் எதுக்கும் பதில் போடல.

இந்த அக்டோபர் கார்டு வரல. அதான் உங்களுக்கு எழுதினேன்.

நார்மன்


வெஸ்ட் கார்லன்
ஜனவரி 11, 2009

நார்மன்,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் எதுவும் இல்லை. உன் கடிதம் சமையலறை மேசையில் இருந்தது. அதன் மேல் வேறு கடிதங்கள் சேர்ந்தன.

குளிர் கடுமை. வியாழக்கிழமை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. உப்பு லாரி தினமும் இரண்டு முறை போகிறது. மேட்டிலிருந்து பார்த்தால் சாலை சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருக்கிறது. டிசம்பரிலிருந்து வண்டியை வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் விட ஆரம்பித்தேன். உன் அண்ணன் அப்படிச் செய்ததில்லை, எப்போதும் வெளியேதான் நிறுத்துவார். எனக்கு அது கல்நெஞ்சமாகத் தோன்றும். கராஜில் சிறிய ஹீட்டர் ஒன்றை ஓடவிட்டேன். காலையில் தரையில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். பனி உருகியிருக்கிறது என்று துடைத்துவிட்டுப் போய்விடுவேன்.

போன வாரம் பத்தாம் வகுப்பில் வெப்பமும் வேதிவினையும். பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பால் பண்ணைக்காரர் மகள் ஒருத்தி, ப்ரூக், கையைத் தூக்கினாள்.

"மிஸ், சூடு ஏறினா வினை வேகமா நடக்கும்னா, உப்பு ஒட்டின வண்டிய சூடான கராஜ்ல விடக்கூடாதுதானே? எங்கப்பா அதுக்குத்தான் கத்துவாரு."

"ஆமா. கூடாது."

"அப்ப நீங்க மட்டும் ஏன் உள்ள விடறீங்கன்னு கேக்கறாரு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பதினெட்டு வருடமாக இதைக் கற்பிக்கிறேன். உறைந்து கிடக்கும் வரை உப்பு ஒன்றும் செய்யாது. பாவமே என்று உள்ளே கூட்டிவந்து இதமாக வைத்தால்தான் தின்ன ஆரம்பிக்கும். அன்றே வண்டியை வெளியே நிறுத்தினேன். இப்போது அது குளிரில் நிற்கிறது. ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கும்போது, உறைந்து கிடப்பது அதற்கு ஏன் நல்லது என்பது எனக்கும் தெரியும் போல இருக்கிறது.

இன்னொன்று. இதை எழுதாமல் இருக்கத்தான் நாட்களைக் கடத்தினேனோ என்னவோ. நீ போன பிறகு மூன்று வருடமும் வண்டியை உன் அண்ணன்தான் ஓட்டினார். கடைக்கு, தேவாலயத்துக்கு, என் அம்மாவைப் பார்க்க, எல்லாவற்றுக்கும். அவர் இடது பக்கம். நான் வலது பக்கம். உனக்காக அவர் தொடாமல் விட்ட பக்கத்தின் மேல்தான் மூன்று குளிர்காலமும் நான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் அது தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை. நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கோரின்


டெமிங்
ஜனவரி 24, 2009

அண்ணி,

தோணல. உங்க லெட்டர் வர்ற வரைக்கும் தோணவே இல்ல.

வெளியவே நிக்கட்டும். என்னிக்காவது குளிர் விட்டா அடிப்பக்கத்த மட்டும் தண்ணியால அடிச்சுக் கழுவுங்க.

நார்மன்


வெஸ்ட் கார்லன்
மார்ச் 4, 2009

நார்மன்,

வண்டியின் வருடச் சோதனை இந்த மாதம். முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வில்லை முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. சனிக்கிழமை ரோலியிடம் கொண்டுபோனேன். மேலே தூக்கி, ஒரு சிறு சுத்தியலை எடுத்து இடது பக்கம் தட்டினான். மணி போல ஒலித்தது. சிரித்தான். வலது பக்கம் போனான். பொத் என்றது. இன்னொரு இடம் தட்டினான். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

சுத்தியலை வெளியே இழுத்தான். பிறகு, "டீச்சர், இதுக்கு நான் வில்லை ஒட்ட முடியாது. ஒட்டினா உங்கள நானே கொன்ன மாதிரி."

"சரி பண்ண முடியுமா?"

"அழுகினத வெட்டி எடுத்துட்டு புது இரும்பு வெச்சு வெல்டிங் பண்ணணும். சேஸ்ல அந்த வேலைய நம்பி விடற மாதிரி இந்த ஊர்ல இருந்தது உங்க கொழுந்தன் ஒருத்தன்தான்." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "நான் பண்ணலாம். ஆனா அதுல உங்கள உக்கார வெக்க மாட்டேன்."

நேற்று ஊர்க்கூட்டம். பள்ளி அரங்கில் பழையபடி பீன்ஸும், ஆப்பிள் வைத்துச் சுட்ட பண்டமும். மூன்றாவது தீர்மானம் வழக்கம்போல சாலை உப்பு. அதிகம் போடுகிறார்கள், வண்டியெல்லாம் துருப்பிடித்துப் போகிறது என்று பாதிப் பேர். போதவில்லை என்று மீதிப் பேர். டோரீன் கைத்தடியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டிய பத்தி ரோலி சொன்னான். நார்மனுக்கு எழுதறியாமே?"

"எழுதறேன்."

"தூங்கிட்டானாமே."

ரோலியிடம் நான் சொல்லியிருந்தேன். உன் ரகசியத்தை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

"தூங்கினான்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும்," என்றாள். "என் இடுப்பு இனிமே மழை வருதான்னு சொல்ல மட்டுந்தான் லாயக்கு. அதுக்காக உன் வண்டியும் நொண்டணுமா? வந்து அவன் பக்கத்த முடிச்சுட்டுப் போகச் சொல்லு. அப்படியே அந்த ஆப்பிள் பண்டத்துல ஒரு துண்டு எடு, எனக்கு எட்டல."

சொல்லிவிட்டேன். நானும் கேட்கிறேன். வா.

கோரின்


டெமிங்
மார்ச் 10, 2009

அண்ணி,

முடியாது.

ஆகஸ்ட்ல சேதி வந்ததும் நான் பெட்டி கட்டினேன். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன். கிளம்பும்போது ஜன்னல் ஓரமா இருந்த அந்த மூணு கார்டப் பார்த்தேன். உயிரோட இருந்து எழுதினவனுக்கு பதில் போடல, செத்தப்புறம் போய் நின்னு என்ன சொல்றது? உக்காந்துட்டேன். பஸ் போயிடுச்சு.

டோரீன் பெரிய மனுஷி. அதனாலதான் இன்னும் முடியல. அந்த மேட்டு வழியாத்தான் வீட்டுக்கு வரணும்.

வேற வண்டி பாருங்க. அத விட்டுடுங்க.

நார்மன்


(அஞ்சல் அட்டை)
வெஸ்ட் கார்லன்
மார்ச் 16, 2009

உன் பக்கம் அப்படியே இருக்கிறது.

கோரின்


(வண்டியின் கண்ணாடித் துடைப்பானில் செருகியது)
மார்ச் 28, 2009, சனிக்கிழமை காலை

நார்மன்,

கம்பித் தூரிகையால் இரும்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தேன். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தன. ரோலி வெல்டிங் மிஷினை இறக்கிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மேப்பிள் மரத்தைப் பார்ப்பவன் போல நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேனில் ஏறிப் போய்விட்டான்.

நான் வெளியே வந்தேன். சேற்றில் உன் பூட்ஸுக்கு நாலடி தள்ளி நின்றேன். நீ தேய்த்துக்கொண்டிருந்தாய், கேட்டிருக்காது. உன் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. உன் அண்ணனுடையதும் அப்படித்தான். தேய்ப்பதை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. உள்ளே வந்து எழுதுகிறேன். இருபது அடி தூரத்துக்கு ஒரு கடிதம்.

மரத்துப்போன விரலை வெந்நீரில் வைத்தால் முதலில் சூடு தெரியாது. வலிதான் தெரியும். அது ஆரம்பித்திருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

மேட்டில் எப்படி வந்தாய் என்று கேட்க மாட்டேன். பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. கதவு பூட்டவில்லை. வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்ப்பாய். இருக்கையை நேற்று என் கால் நீளத்துக்கு நகர்த்தினேன், உனக்கு முழங்கால் இடிக்கும். பொறுத்துக்கொள். மாற்றாதே.

எண்ணெய் கேன் கொட்டகையில் பழைய இடத்தில்தான் இருக்கிறது. புது இரும்புக்கு நீ இன்றே அடித்துவிடுவாய் என்று தெரியும். உன் பக்கத்தோடு நிறுத்திக்கொள். இடது பக்கம் இனிமேல் என்னுடையது. அதைத் தொடாதே.

கோரின்